கேழ்வரகின் நிறம் வயிற்றில் என்ன ஆகிறது?

 

இன்றைய பேச்சு கேழ்வரகைப் பற்றியது. தெலுங்கில் இதை ராகி என்பார்கள். சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழர்கள் இரண்டு பெயரையும் சொல்வார்கள். தமிழில் களி. தெலுங்கில் சங்கடி. தமிழில் கூழ். தெலுங்கில் அம்பலி. பெயர் மாறினாலும் பானையில் இருப்பது ஒன்றுதான்.

கேழ்வரகு இந்த மண்ணில் பிறந்த பயிர் அல்ல. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்தது. ஆனால் பலமனேர், குப்பம், புங்கனூர் மேட்டு நிலங்களுக்கு அது சொந்தப் பிள்ளை போல ஆகிவிட்டது. மழை குறைந்தாலும் விளையும். செம்மண்ணிலும் விளையும்.

பிறகு காலம் மாறியது. 1983-ஆம் ஆண்டு ஆந்திர அரசு கிலோ 2 ரூபாய் அரிசித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏழை வீட்டு அடுப்பிலும் நெல்லுச்சோறு வெந்தது. பசி தீர்ந்தது. அது நல்ல காரியம். ஆனால் அதற்குப் பின் களிப்பானை மெல்ல மெல்லப் பரணுக்குப் போனது. "களி ஏழைச் சாப்பாடு. சோறுதான் மரியாதை" என்ற எண்ணமும் வளர்ந்தது.

இப்போது காற்று திரும்பி வீசுகிறது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் ஆந்திர அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் ராகிக் கஞ்சி கொடுக்கத் தொடங்கியது. பட்டணத்துக் கடைகளில் ராகி மாவு பளபளப்பான பையில் ஏறிவிட்டது. பையின் மேல் என்ன எழுதியிருக்கிறது? "நிறமுள்ள தானியம். ஆன்ட்டி ஆக்சிடென்ட் நிறைந்தது" என்று எழுதியிருக்கிறது.

அது என்ன பொருள்? தின்றால் அது உடம்பில் சேருமா? வயிற்றுக்குள் போனதும் அது என்ன ஆகிறது? இதுதான் இன்றைய பேச்சு.

நிறம் எங்கே இருக்கிறது?

ஒரு பிடி கேழ்வரகை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறம். ஒரு மணியைப் பல்லில் கடித்து உடையுங்கள். உள்ளே வெள்ளை மாவு. நிறம் முழுவதும் மேல்தோலில்தான் இருக்கிறது.

நெல்லைத் தீட்டினால் தவிடு போய்விடும். வெள்ளை அரிசி நிற்கும். கேழ்வரகை அப்படித் தீட்ட முடியாது. அதன் தோல் உள்ளிருக்கும் மாவோடு இறுக ஒட்டியிருக்கும். உள்மாவோ மிகவும் மென்மையானது. குத்தினால் மணி முழுதாக நிற்காது. பொடியாகிவிடும். அதனால் தோலோடு அரைத்துத் தின்பதே வழக்கம் ஆனது. இது ஏழைக்குக் கிடைத்த நன்மை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே இருக்கும்.

ஒரு மருமகள் மாமியாரிடம் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அத்தே, கேழ்வரகு கொடுத்தா பிள்ளை கறுத்துப் போயிடும்னு சொல்றாங்களே, நெசமா?"

"அப்படிப் பார்த்தா, தினம் கீரை தின்றவங்க எல்லாம் பச்சையா இல்ல இருக்கணும்!" என்று மாமியார் சிரிக்கிறாள்.

மாமியார் சொல்வது சரி. தானியத்தின் நிறம் தோலுக்குப் போய்ச் சேராது. அப்படியானால் எங்கே போகிறது?

காக்கும் பொருள்

கடலை எண்ணெயைத் திறந்து வைத்தால் சில நாளில் காறல் வாடை வரும். மண்வெட்டியை மழையில் போட்டால் துருப்பிடிக்கும். இரண்டுக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜன் காரணம். ஆக்சிஜன் இல்லாமல் உயிர் இல்லை. ஆனால் அது சில பொருள்களைக் கெடுக்கவும் செய்யும்.

உடம்புக்குள்ளும் இது நடக்கிறது. அடுப்பு எரிந்தால் சோறு வேகும். கூடவே சில நெருப்புப் பொறிகளும் பறக்கும். உடம்பு உணவை எரித்துச் சக்தி எடுக்கும்போதும் இப்படிச் சில பொறிகள் உண்டாகின்றன. அவை அளவு மீறினால் உடம்பின் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கும். இதைத் தடுக்க உடம்பிலேயே காவல் உண்டு. உணவிலிருந்தும் சில காவல் பொருள்கள் வருகின்றன. அவற்றைத்தான் ஆன்ட்டி ஆக்சிடென்ட் என்கிறார்கள். இங்கே அவற்றைக் காப்புப் பொருள் என்று சொல்லலாம்.

கேழ்வரகின் தோலில் இந்தக் காப்புப் பொருள்கள் மிகுதி. டானின் என்ற துவர்ப்புப் பொருளும் அவற்றில் ஒன்று. பூசணமும் பூச்சியும் தாக்காமல் விதையைக் காப்பது அவற்றின் வேலை. கேழ்வரகு குதிரில் பல வருடம் கெடாமல் இருக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். நிறம் குறைந்த வெள்ளைக் கேழ்வரகும் உண்டு. அதில் இந்தப் பொருள்கள் மிகக் குறைவு.

இவற்றில் இரண்டு வகை உண்டு. நகரிப் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கு இது எளிதில் புரியும். சாயம் போட்ட நூலை அலசினால் மேலே தங்கிய சாயம் தண்ணீரோடு வந்துவிடும். நூலுக்குள் ஏறிய சாயம் வராது. கேழ்வரகிலும் அப்படித்தான். சில காப்புப் பொருள்கள் தனியாக இருக்கின்றன. அவை எளிதில் கரையும். மற்றவை நார்ச்சத்தோடு கட்டிப் போட்டது போல இருக்கின்றன. ஃபெருலிக் அமிலம் என்ற பொருள் இந்த இரண்டாம் வகை. கட்டை அவிழ்த்தால்தான் அது வெளியே வரும். யார் அவிழ்ப்பது? இங்கேதான் வயிற்றின் வேலை தொடங்குகிறது.

ஒரு உருண்டைக் களியின் பயணம்

முதல் ஊர், வாய். பல் அரைக்கிறது. எச்சில் ஊறி மாவைக் கரைக்கத் தொடங்குகிறது. களியை மெல்லாமல் விழுங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அவர்களுக்கு இந்த ஊர் வெறும் பஸ் நிறுத்தம்தான்.

இரண்டாம் ஊர், இரைப்பை. இங்கே புளிப்பான அமிலம் சுரக்கிறது. களி சில மணி நேரம் இங்கே தங்கிக் கடையப்படுகிறது. தனியாக இருக்கும் காப்புப் பொருள்கள் இங்கே கரைந்து வெளியே வரத் தொடங்குகின்றன.

மூன்றாம் ஊர், சிறுகுடல். இதன் நீளம் ஏறத்தாழ 20 அடி. இங்கே பித்தநீரும் கணைய நீரும் வந்து சேருகின்றன. புளிப்பு நீங்குகிறது. மாவும் புரதமும் கொழுப்பும் கரைகின்றன. மாவுக்குள்ளும் புரதத்துக்குள்ளும் சிக்கியிருந்த காப்புப் பொருள்கள் இன்னும் கொஞ்சம் விடுபடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி மட்டும் குடல் சுவர் வழியாக இரத்தத்தில் சேருகிறது. நாரோடு கட்டுண்டவை அப்படியே நகர்கின்றன. மனித உடம்பில் சுரக்கும் எந்த நீராலும் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது.

நான்காம் ஊர், பெருங்குடல். இதன் நீளம் ஏறத்தாழ 5 அடி. இங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை கெட்டவை என்று பயப்பட வேண்டாம். இட்லி மாவு புளிப்பது போல, அவை நாரைப் புளிக்க வைத்துத் தின்கின்றன. அப்போது கட்டு அவிழ்கிறது. ஃபெருலிக் அமிலம் வெளியே வருகிறது. நார் புளிக்கும்போது உண்டாகும் வேறு சில அமிலங்கள் குடல் சுவருக்கு உணவாகின்றன.

ஐந்தாம் ஊர், கல்லீரல். இரத்தத்தில் சேர்ந்த காப்புப் பொருள் இங்கே வேறு உருவம் எடுக்கிறது. சில மணி நேரத்தில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. உடம்பு இவற்றைப் பத்திரப்படுத்தி வைப்பதில்லை. ஒரே நாளில் மூட்டை மூட்டையாகத் தின்று பயனில்லை. வாரத்தில் பல நாள், அளவாகத் தின்பதே பயன்.

இது எப்படித் தெரிந்தது?

மனித வயிற்றைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் விஞ்ஞானிகள் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு பொய் வயிற்றை உண்டாக்குகிறார்கள். வெந்த தானியத்தை அதில் போடுகிறார்கள். உடம்பின் சூட்டில், அதாவது 37 டிகிரியில் வைக்கிறார்கள். முதலில் எச்சிலில் உள்ள பொருள். பிறகு இரைப்பை அமிலம். பிறகு கணைய நீரும் பித்தமும். கடைசியில் பெருங்குடலின் நுண்ணுயிர்கள். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு காப்புப் பொருள் வெளியே வந்தது என்று அளக்கிறார்கள்.

இலங்கையைச் சேர்ந்த அனோமா சந்திரசேகர என்ற பெண் விஞ்ஞானி, பேராசிரியர் ஷாஹிதியோடு சேர்ந்து கனடா நாட்டில் இந்தச் சோதனையைச் செய்தார். கேழ்வரகையும் வேறு சில சிறுதானியங்களையும் சோதித்தார்கள். 2012-ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. செரிமானத்தின்போது காப்புப் பொருள்கள் வெளியே வந்தன. நுண்ணுயிர்கள் புளிக்க வைத்தபோது கட்டுண்டவையும் வெளியே வந்தன. செரிமானம் இவற்றை அழித்துவிடவில்லை. பூட்டைத் திறந்து விட்டது.

எல்லா நிறத்துக்கும் இப்படி நடப்பதில்லை. செட்டிநாட்டுக் கருப்புக் கவுனி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறம் வேறு வகை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பிடி கவுனியை ஊற வையுங்கள். தண்ணீர் ஊதா நிறமாகும். அதை இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நிறம் சிவக்கும். மற்றொன்றில் சமையல் சோடா போடுங்கள். நிறம் நீலமாக அல்லது பச்சையாக மாறும். சிறிது நேரத்தில் மங்கத் தொடங்கும். வயிற்றிலும் இதுதான் கதை. இரைப்பையின் புளிப்பில் அந்த நிறம் நிலைத்து நிற்கும். சிறுகுடலில் புளிப்பு நீங்கியதும் அதில் ஒரு பெரும்பகுதி சிதைந்துவிடும். ஆகவே நிறம் அடர்த்தியாக இருந்தால் பயனும் அவ்வளவு என்று சொல்ல முடியாது.

நாணயத்தின் மறுபக்கம்

தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு செய்தியைச் சொல்லியது. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. அதாவது பாதிப் பேருக்கும் மேல். இரத்த சோகைக்கு முக்கியமான ஒரு காரணம் இரும்புச் சத்துக் குறைவு.

கேழ்வரகில் இரும்பு உண்டு. ஆனால் அதே தோலில் இருக்கும் டானின் என்ன செய்கிறது தெரியுமா? வயிற்றில் இரும்பைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறது. ஃபைட்டேட் என்ற இன்னொரு பொருளும் அப்படியே பிடிக்கிறது. பிடிபட்ட இரும்பு இரத்தத்தில் சேராது. மலத்தோடு போய்விடும்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதை 1988-ஆம் ஆண்டிலேயே சோதித்துக் காட்டியது. வெள்ளைக் கேழ்வரகையும் நிறமுள்ள கேழ்வரகையும் ஒப்பிட்டார்கள். நிறமுள்ளதில் டானின் மிகுதி. அதிலிருந்து கிடைக்கக்கூடிய இரும்பு குறைவு. பிறகு நிறமுள்ள கேழ்வரகை முளைக்க வைத்தார்கள். டானின் பாதிக்கு மேல் குறைந்தது. இரும்பு கிடைப்பது கூடியது.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 2002-ல் இன்னொரு சோதனை நடந்தது. கேழ்வரகை நான்கு நாள் வரை முளைக்க வைத்தார்கள். நாரோடு கட்டுண்ட காப்புப் பொருள் குறைந்தது. தனியாக இருக்கும் பொருள்களின் காக்கும் திறன் கூடியது. முளைக்கும் விதை தானே கட்டை அவிழ்த்துவிடுகிறது. வயிறு செய்ய வேண்டிய வேலையில் கொஞ்சம், முறத்திலேயே நடந்துவிடுகிறது.

ஆக, நிறம் முழுக்க நன்மையும் இல்லை. முழுக்கத் தீமையும் இல்லை. குடலுக்கு உதவுகிற அதே பொருள், இரும்பைத் தடுக்கவும் செய்கிறது. பக்குவம்தான் இதைச் சரி செய்யும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒன்று: மாவை மிகவும் நுண்ணிய சல்லடையில் சலிக்க வேண்டாம். சல்லடையில் நிற்பது தோல். அதைக் கோழிக்குப் போட்டால் நிறமும் நாரும் கோழிக்குத்தான். கல், தூசி போகச் சலித்தால் போதும்.

இரண்டு: முளை கட்டுங்கள். கேழ்வரகை அலசி ஓர் இரவு ஊற வையுங்கள். தண்ணீரை வடித்து, ஈரத் துணியில் கட்டி வையுங்கள். இரண்டு நாளில் வெள்ளை முளை தெரியும். வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். லேசாக வறுத்து அரையுங்கள். பூசண வாடை வந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

மூன்று: கூழைப் புளிக்க வையுங்கள். மாவை முதல் நாளே கரைத்து வைத்து, மறுநாள் காய்ச்சும் பழைய வழக்கம் நல்ல வழக்கம். ஃபைட்டேட் குறையும். கங்கையம்மன் ஜாத்திரையில் ஊற்றும் கூழை வருடத்தில் ஒரு நாளோடு நிறுத்த வேண்டாம்.

நான்கு: புளிப்பும் கீரையும் சேருங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யாப்பழம் ஆகியவற்றில் வைட்டமின் சி உண்டு. இது டானினின் பிடியைத் தளர்த்தி, இரும்பு இரத்தத்தில் சேர உதவும். களிக்குப் புளிச்சக்கீரைக் கடைசல், வேர்க்கடலைத் துவையல், பருப்பு ஆகியவை நல்ல துணை. கூடவே ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து: களி தின்ற உடனே டீ குடிக்க வேண்டாம். டீயிலும் டானின் உண்டு. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ஆறு: ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். அதற்குப் பிறகு, முளை கட்டிய கேழ்வரகை அரைத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் கொடுக்கலாம். தோல் துணியில் நின்றுவிடும். சிறு குழந்தையின் வயிற்றுக்கு அது எளிது. குழந்தை வளர வளர வடிகட்டாமல் கொடுக்கப் பழக்குங்கள்.

இரத்த சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும், அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. கேழ்வரகு அந்த மாத்திரைக்குப் பதில் ஆகாது.

ஏமாற வேண்டாம்

சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கேழ்வரகில் நூற்றுக்கு 70 பங்கு அளவு மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் தண்ணீராகக் காய்ச்சிய கூழைச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறும். களி ஓர் உருண்டை, கீரை இரண்டு கரண்டி, பருப்பு ஒரு கரண்டி என்று தின்பது நல்லது. மருந்தை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

"எங்கள் மாவில் ஆன்ட்டி ஆக்சிடென்ட் பத்து மடங்கு" என்று யாராவது விற்க வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். "அது பாத்திரத்தில் அளந்ததா? மனித உடம்பில் பார்த்ததா?" அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஒவ்வொரு உணவுக்கும் இப்படி மதிப்பெண் போட்டுப் பட்டியல் வைத்திருந்தார்கள். பாத்திரத்தில் அளந்த மதிப்பெண்ணுக்கும் உடம்பில் கிடைக்கும் பயனுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. கம்பெனிகளோ அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தின. அதனால் 2012-ல் அந்நாட்டு வேளாண்மைத் துறை அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. புற்றுநோய் தீரும், சர்க்கரை நோய் அடியோடு போகும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

பளபளப்பான பையில் வரும் மாவுக்குக் கொடுக்கும் காசில், சந்தையில் அதைவிட அதிகமான தானியமே வாங்கலாம். முளை கட்டத் தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும் போதும். அரைக்க ஊர் மில் இருக்கிறது.

தாய்மார்களே! பெரியவர்களே! களி ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்பட வேண்டியதில்லை. அது சர்வரோக நிவாரணி என்று பெருமை பேசவும் வேண்டியதில்லை. அது நல்ல உணவு. தோலோடு அரைத்து, முளை கட்டி, புளிக்க வைத்து, கீரையோடு தின்றால் இன்னும் நல்ல உணவு. ஊற வைக்க வேண்டியது இன்று இரவே.